மன்னரின் கழுத்தில் இருந்த கீறல்

நிருசன்,

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். ஒரு தரத்தோடு நிறுத்த முடியவில்லை. "அம்மா, அலுமாரியில மிச்சம் கிடக்கிற காசுகளையும் உங்கட கையில வைச்சுப் படம் எடுத்து அனுப்புங்கோ. யன்னல் வெளிச்சம் காணும். நல்ல சீலை ஒண்டும் கட்டாதேங்கோ என்ன, வீட்டில கட்டுற பழசு ஏதும் கட்டுங்கோ. சீலையின்ர ஓரம் படத்தில கொஞ்சம் தெரிஞ்சா நல்லம்." உன் குரலுக்குப் பின்னால் கட்டார் நாட்டின் ஏதோ ஒரு தெருவில் வாகனங்கள் இரைந்துகொண்டிருந்தன. வேலைக்குப் போகிற அவசரத்தில், தாயிடம் ஒரு சின்ன உதவி கேட்கிற பிள்ளையின் குரலாகவே அது இருந்தது. அதில் கள்ளம் எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்திருந்தால் இவ்வளவு வருத்தம் வந்திராது.

இதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேசத் தொடங்கினால் நீ இடையில் "இல்லையம்மா, ஒருக்காக் கேளுங்கோ" என்பாய். நான் நிறுத்திவிடுவேன். உன் சிறுவயதிலிருந்தே அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. எழுதினால் நீ முழுவதையும் வாசித்தாக வேண்டும். உன் நண்பர்களில் உன்னைப் போல இணையத்தில் எதையாவது விற்றுப் பிழைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் காட்ட வேண்டும் என்று தோன்றினால் காட்டு. இதில் நான் மறைப்பதற்கு எதுவும் இல்லை.

நீ இந்தப் பழைய நாணய வியாபாரத்தைத் தொடங்கியபோது எனக்கு அதில் நம்பிக்கை இருக்கவில்லை. செல்லாத காசைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். வட்டக்கச்சியிலும் தர்மபுரத்திலும் வீடு வீடாகப் போய், பழைய பிஸ்கற் தகரங்களின் அடியில் கிடந்த சதுர ஐந்து சதங்களையும், விளிம்பு நெளிந்த இரண்டு சதங்களையும் நீ வாங்கி வந்தாய். முதல் படங்களை வெயிலில் வைத்து எடுத்தாய். காசு எல்லாம் ஒரே வெளிச்சப் பொட்டாக இருந்தது. அப்போது நான்தான், வேலையற்றவள் போல, உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியை யன்னலுக்குக் குறுக்கே கட்டி வெயிலின் கடுமையைக் குறைத்தோம். திருத்தாமல் கிடந்த விடைத்தாள் கட்டுகளை இரண்டு பக்கமும் அடுக்கி, அவற்றின் மேல் போனைக் கவிழ்த்து வைத்தோம். வெளிச்சம் நேர் மேலிருந்து விழுந்தால் காசு தட்டையாகத் தெரிகிறது என்பதையும், பக்கவாட்டில் தாழ வந்தால் எழுத்து, தலை, தேய்மானம் எல்லாம் எழுந்து நிற்கின்றன என்பதையும் நாங்கள் இருவருமாகத்தான் கண்டுபிடித்தோம். இரசாயனவியல் படிப்பித்து வந்த இத்தனை வருடங்களில் நான் அவ்வளவு மகிழ்ச்சியாக ஒரு பரிசோதனை செய்த ஞாபகம் இல்லை.

அப்பா செய்த வேலை உனக்கு ஞாபகம் இருக்கும். ஒல்லாந்தர் காலத்துச் செம்புக் காசு ஒன்றை நீ குசினி மேசையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனாய். திரும்பி வந்தபோது அது தங்கம் போலப் பளபளத்தது.

"புளி போட்டு மினுக்கி விட்டனான். குத்துவிளக்கு மாதிரி வந்திருக்குப் பார்," என்றார் அப்பா பெருமையாக.

"ஐயோ அப்பா, அந்தக் கறுப்புத்தான் அதின்ர விலை!"

"அழுக்குக்கு விலை குடுக்கிற விசரங்களுக்கோ நீ விக்கிறாய்?"

நீ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாய். உலோகத்தின் மேல் காலம் போட்ட படலம் போனால் போனதுதான், நாங்கள் அதைத் திருப்பிப் பூச முடியாது என்று நான் விளங்கப்படுத்தினேன். அதன்பின் நீ செய்ததை நான் மறக்கவில்லை. அந்தக் காசின் படத்துக்குக் கீழே, "புளியால் மினுக்கப்பட்டது, இயல்பான நிறம் இல்லை" என்று எழுதினாய். மிகக் குறைந்த விலைக்குத்தான் போனது. எனக்கு அன்றைக்கு உன்னில் வந்த மதிப்பை நான் உனக்குச் சொல்லவில்லை. சொல்வது என் பழக்கமும் இல்லை. ஆனால் அன்றோடு நான், படங்களுக்குக் கீழே நீ எழுதுவதைச் சரிபார்ப்பதை நிறுத்தினேன். கடைக்காரன் தரும் மிச்சத்தை எண்ணாமல் வாங்காதவள், மாணவர்களின் விடைத்தாளில் கூட்டலைத் திருப்பிச் சரிபார்ப்பவள், உன் வார்த்தையை மட்டும் பார்க்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

பிறகு அந்த வெள்ளி ஐம்பது சதம். வவுனியாவில் பழைய பித்தளையும் வெள்ளியும் வாங்கும் கடையொன்றில் நீயும் நானும் சேர்ந்து வாங்கியது. அதில் பொறித்திருந்த பிரித்தானிய மன்னரின் கழுத்தில் குறுக்காக ஆழமான ஒரு கீறல். என்னவென்று கேட்டேன்.

"வெள்ளிதானோ எண்டு ஒருக்கா அரம் போட்டுப் பாத்தனான் ரீச்சர்," என்றார் கடைக்காரர்.

"அதுக்கு ஓரம் ஒண்டும் கிடைக்கேல்லையோ? கழுத்தையோ அறுக்கிறது?"

"ராசா இப்ப கத்தவோ போறார்?"

நீ சிரித்துக்கொண்டே விலையைக் குறைக்கச் சொன்னாய். வீட்டுக்கு வந்து படம் எடுக்கும்போது அந்தக் கீறலை மறைக்கக் கூடாது என்று நான் நின்றேன். வாங்குகிறவன் காசு கையில் கிடைத்த பிறகு அதைக் காணக் கூடாது, வாங்குவதற்கு முன்பே காண வேண்டும் என்றேன். நீ ஓம் என்றாய். வேட்டியை ஒரு பக்கம் ஒதுக்கி, வெளிச்சத்தை இன்னும் தாழ்த்தி, கீறலின் ஆழம் நன்றாகத் தெரியும்படி எடுத்தோம். அளவு தெரிய வேண்டும் என்று சொல்லி அந்த ஒரு காசை என் உள்ளங்கையில் வைக்கச் சொன்னாய். நான் படம் எடுப்பதற்கு நிற்பவள் அல்ல என்பது உனக்குத் தெரியும். உன் பெரியப்பா வீட்டுக் கலியாணத்தில்கூட நான் தூணுக்குப் பின்னால் நின்றவள். "முகம் வராதம்மா, கை மட்டும்தான்," என்றாய். கையை நீட்டினேன். அதற்குப் பிறகு என் கையில் வைத்து எடுத்த காசுகள் எல்லாம் கெதியாக விற்றுப்போயின. "உங்கட கை ராசியம்மா," என்றாய். ராசியில் நம்பிக்கையில்லாத நான் அதைக் கேட்டு மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

இனி நான் எழுதப்போவதை நீ நிதானமாக வாசி. செட்டிகுளத்தில் ஒருவரிடம் காசுகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு ஒரு நாள் போனோம். காசு ஒன்றும் சரிவரவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், போர் முடிந்ததும் எங்களை அடைத்து வைத்த முகாம் இருந்த பக்கத்தைத் தாண்டும்போது, நீ யன்னல் பக்கம் இருந்தாய். அங்கே கூடாரத்தில் இருந்த நாட்களில் உனக்கு என்ன ஞாபகம் என்று கேட்டேன். தண்ணீருக்கு வரிசையில் நின்றது மட்டும் ஞாபகம் என்றாய். அப்போதுதான், ஏன் என்று எனக்கே தெரியவில்லை, உன் மாமாவைப் பற்றிச் சொன்னேன். போரின் கடைசி நாட்களில் கடற்கரைப் பக்கம் தண்ணீர் எடுக்கப் போய் உயிர் விட்ட என் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தியபோது, அவனுடைய சட்டைப் பையில் ஒரு இரண்டு ரூபாய்க் குற்றிக் காசு இருந்தது. அந்த இடத்தில் இரண்டு ரூபாய்க்கு வாங்க ஒரு பொருளும் இல்லை. ஏன் வைத்திருந்தான் என்று தெரியாது. நான் அதை எடுத்து என் பேர்சில் போட்டேன். முகாமில் ஒருநாள் பேர்சைத் திறந்தபோது அதில் பல இரண்டு ரூபாய்க் குற்றிகள் கிடந்தன. எது அவனுடையது என்று தெரியவில்லை. சவர்க்காரம் வாங்கிய ஒரு நாளில் அதுவும் போயிருக்க வேண்டும்.

"அடையாளம் ஒண்டும் இருக்கேல்லையோ அம்மா?" என்று கேட்டாய்.

"இல்லை. புதுக் குத்தி. ஒரு கீறல்கூட இல்லை," என்றேன்.

இதை நான் அப்பாவுக்கும் சொன்னதில்லை. உனக்குச் சொன்னேன். நீ வவுனியா வரும்வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று நினைத்தேன்.

நீ கட்டாருக்குப் போன பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் விறாந்தையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். படலையடியில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. அறுபதைத் தாண்டிய ஒருவர், வெளிநாட்டுச் சப்பாத்துடன், நாயைப் பார்த்துத் தயங்கி நின்றார்.

"இது நிருசன்ர வீடோ?"

"ஓம். அவன் இப்ப கட்டாரில. நீங்கள் ஆர்?"

"நான் தவராசா. சுவிஸில இருந்து வந்தனான். உங்களுக்கு என்னைத் தெரியாது, தங்கச்சி. எனக்கு உங்கட கையைத் தெரியும்."

நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்து, பையிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்தார். சிவப்புப் பட்டுத் துணிக்குள் அந்த ஐம்பது சதம் இருந்தது. மன்னரின் தலையில் விபூதி. "சாமிப் படத்துக்குப் பக்கத்தில வைச்சு விளக்கு வைச்சனாங்கள். என்ர தம்பியும் உங்கட மனுசனைப் போல அங்கதான் போனவன். அவன்ர எண்டு எங்களிட்ட ஒரு துண்டுச் சட்டைகூட இல்லை. உங்கட மகன் எழுதினதை வாசிச்சிட்டு மனம் கேளாமல் வாங்கினனான். பிறகு மனுசி சொன்னா, 'மற்றவையின்ர சாவை நாங்கள் வைச்சிருக்கக் கூடாது, ஊருக்குப் போறியள்தானே, அந்தப் பிள்ளையிட்டக் குடுத்திட்டு வாங்கோ' எண்டு."

"எங்கட வீட்டில ஆற்ற சாவு அண்ணை?" என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். தலையைக் குனிந்து, "நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம் தங்கச்சி," என்றார். பிறகு என் பெருவிரல் அடியில் இருக்கும் தழும்பைக் காட்டி, "இதுவும் செல் வெடிச்சுப் பட்டதோ?" என்று கேட்டார். "இல்லை. கம்பசில படிக்கேக்க அமிலம் பட்டது," என்றேன். அவர் நம்பினாரோ தெரியாது.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் சைக்கிள் உள்ளே வந்தது. முழங்கால்வரை சேறு, தோளில் மண்வெட்டி. "இஞ்சேரும், மேல்காணிக்காரன் வாய்க்காலை மறிச்சுப் போட்டான், இண்டைக்கு ஒரு சொட்டும் வராது. ஆர் வந்திருக்கினம்? தேத்தண்ணி குடுத்தனீரோ?"

தவராசா அண்ணை எழும்பினார். "இவர்...?"

"என்ர மனுசன். நிருசன்ர அப்பா."

அவர் மெல்லத் திரும்பவும் உட்கார்ந்தார். அப்பா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "அட, இது எங்கட வவுனியாக் காசெல்லோ! கழுத்தில அரம் போட்டது. இது ஆரோ நல்ல விலைக்கு வாங்கினவை எண்டு பெடியன் சொன்னவன். நீங்களோ அண்ணை?"

அவர் போனை எடுத்து, தேடி, என்னிடம் நீட்டினார். என் கை. அதற்குக் கீழே உன் எழுத்து. "இது என் அப்பாவின் சட்டைப் பையில் இருந்த காசு. தண்ணீர் எடுக்கப் போனவர் திரும்பி வரவில்லை. அம்மா இதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு முகாமுக்கு வந்தா. மன்னரின் கழுத்தில் இருக்கும் காயம் போரில் வெடித்த செல் துண்டு பட்டது. இன்றைக்குக் கஷ்டத்தில் விற்கிறோம்."

உன் எழுத்தில் பிழை ஒன்றும் இருக்கவில்லை நிருசன். சந்தி, ஒற்று எல்லாம் சரியாக இருந்தது. நான் உனக்கு வீட்டில் சொல்லித் தந்த தமிழ். நான் தாழ்த்திய வெளிச்சம். கீறலை மறைக்காதே என்று நான் சொன்ன சொல்லை நீ மீறவில்லை. அதை நன்றாகவே காட்டினாய். காட்டிவிட்டு அதற்கு வேறொரு பெயர் வைத்தாய்.

"இதில எழுதியிருக்கிறது உண்மையில்லை அண்ணை," என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவர் அப்பாவைப் பார்த்தார். "மனுசன் உயிரோட இருக்கிறதுக்கு நான் கோபிக்கேலாதுதானே தங்கச்சி," என்றார். பிறகு பெட்டியைப் பார்த்து, "அப்ப இவ்வளவு நாளும் நான் ஆருக்கு விளக்கு வைச்சனான்?" என்று கேட்டார். என்னிடம் கேட்டது போலவும் இல்லை.

அவர் கொடுத்த விலையைத் திருப்பித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். காசை விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். அதற்கும் இல்லை என்றார். "விளக்கு வைச்சாச்சு. இனி இதை எறியேலாது. என்னோட இருக்கட்டும்." துணியை மடித்து மூடினார். அந்த நேரத்தில் என் தம்பியைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தால் அவருக்கு மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். பாதியாவது உண்மை என்று நினைத்திருப்பார். அதற்காகவே நான் சொல்லவில்லை. சொன்னால் உன் மாமாவையும் அந்தக் காசோடு சேர்த்து நானே விற்றது போலாகிவிடும் என்று பயந்தேன்.

அப்பாவுக்கு விசயம் விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். "நான் எப்ப செத்தனான்?" என்றார். பிறகு விலையைப் பார்த்தார். "பரவாயில்லை அண்ணை, செத்து நல்ல விலைக்குத்தான் போயிருக்கிறன். உயிரோட இருக்கேக்க ஒருத்தரும் இவ்வளவு தரேல்லை." தவராசா அண்ணையால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். போகும்போது அவர், "மனுசிக்குக் காட்ட வேணும், இல்லாட்டி நம்பமாட்டா," என்று சொல்லி, அப்பாவோடு சேர்த்துத் தன்னைப் படம் எடுக்கச் சொன்னார். காசை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். நான்தான் எடுத்தேன். அப்பா கண்ணை மூடிவிட்டார். இன்னொன்று எடுப்போம் என்றதற்கு, "செத்தவன் கண் வெட்டமாட்டான். இதே இருக்கட்டும்," என்றார்.

ஓட்டோ போன பிறகு அப்பா தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. தண்ணீர் வராத வயலுக்கே திரும்பிப் போனார். பின்னேரம் வந்து, "அவனிட்ட நீர் ஒண்டும் கேக்காதேயும். வெளிநாடு போகக் காசு வேணுமெண்டு செய்திட்டான், பாவம்," என்றார். அவர் சொன்னதற்காக நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ அழைத்தபோதெல்லாம் சாப்பிட்டாயா, வெயில் எப்படி என்றுதான் கேட்டேன். என்னையே வற்புறுத்தி, உனக்காக ஒரு நியாயமும் யோசித்து வைத்திருந்தேன். அடையாளம் இல்லாமல் தொலைந்துபோன ஒரு குற்றிக்கு நீ உன்னை அறியாமல் ஒரு கீறலைக் கொடுத்துவிட்டாயோ என்று. பிள்ளைகள் தாயின் துக்கத்தை இப்படியும் சுமக்கலாம் என்று. சந்தேகம் என் கூடப்பிறந்தது. ஆனாலும் அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு அப்படி நினைக்கப் பார்த்தேன். பிறகு உன் குரல் வந்தது, பழைய சீலை கட்டச் சொல்லி.

எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள், கதை இல்லாமல் காசு விலைபோகாது என்று சொல்வாய். இருக்கலாம். அப்படியென்றால் விலைபோகாமலே கிடக்கட்டும். இந்த மண்ணில் எங்களிடமிருந்து எடுக்கக்கூடிய எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்தார்கள். வந்தவர்கள் படம் எடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். நான் ஒருவருக்கும் முகம் காட்டவில்லை, வாயும் திறக்கவில்லை. அப்படிக் காத்து வைத்த ஒன்றை ஒரே ஒரு ஆளுக்குச் சொன்னேன். அந்த ஆள் அதை விலைபோட்டான். தெரியாத ஒருவன் செய்திருந்தால் நான் கோபித்திருப்பேன், அவ்வளவுதான். நீ செய்ததற்குக் கோபம் போதவில்லை. நீ வீட்டில் இருந்த நாட்களை எல்லாம் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாயே, அப்போது எதை யோசித்துக்கொண்டிருந்தாய் என்று கேட்கத் தோன்றுகிறது. இப்படிக் கேட்க வேண்டி வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அலுமாரியில் இருந்த காசுகளை நேற்றுப் படம் எடுத்தேன். அதே வேட்டி, அதே யன்னல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் எடுத்து, தேய்ந்தது, வளைந்தது, துளை போட்டது எல்லாவற்றையும் உள்ளபடி எழுதியிருக்கிறேன். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்திருக்கிறேன். என் கை இனி எதிலும் வராது. முன்பு போட்ட படங்களில் இருக்கும் என் கையையும் நீ எடுத்துவிட வேண்டும்.

அவற்றோடு இன்னொரு படமும் வரும். தவராசா அண்ணை தன் போனிலிருந்து எனக்கு அனுப்பியது. அவருக்குப் பக்கத்தில் அப்பா சேற்றுக் காலோடு நிற்கிறார், கண் மூடியிருக்கிறது, கையில் காசு. வெளிச்சம் பக்கத்தில் இருந்து தாழ வந்ததால் மன்னரின் கழுத்தில் உள்ள கீறல் நன்றாகத் தெரிகிறது. காசு யாருடையது, எங்கே வாங்கியது, கீறல் எப்படி வந்தது, பிடித்துக்கொண்டு நிற்பவர் யார் என்று இந்தப் படத்துக்குக் கீழே நீயே எழுது. என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லித் தரப்போவதில்லை. எழுதியதை முதலில் தவராசா அண்ணைக்கு அனுப்பு. அவருடைய இலக்கம் படத்தோடு வரும். பிறகு எனக்கு அனுப்பு. இந்த முறை நான் வாசித்துப் பார்ப்பேன்.

அதுவரைக்கும் நீ அழைத்தால் போனை அப்பாதான் எடுப்பார். அவரோடு கதை. உயிரோடுதான் இருக்கிறார்.

அம்மா